மோட்டார் அறையில் ஒரு டூபா

எங்கள் கட்டடத்தின் ஏழாம் தளத்தில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக் அதிகம் பேசமாட்டார். லிஃப்டுக்குள் நம்மோடு சேர்ந்து வந்தால் "எத்தனாவது மாடி?" என்று கேட்பார். பதில் தெரிந்திருந்தும் கேட்பார். அவர் நலம் விசாரிக்கும் முறை அது. அவருக்கும் சேர்த்து மனைவி பேசிவிடுவதால் குடும்பத்துக்கு இதில் நஷ்டமில்லை. அந்த அம்மா பெயிண்ட் கடையில் வண்ணம் கலந்து கொடுப்பவர். சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்கப் போனவர்கள், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்பதையும் தெரிந்துகொண்டுதான் திரும்புவார்கள்.

பள்ளி விஷயத்தில் எங்கள் பக்கம் இரண்டாவது பேச்சே கிடையாது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிதான். தேர்வு முடிவு வந்தால் ஊரிலேயே அதுதான் முன்னால் நிற்கும். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கே அங்கே சேர்க்கையில் முன்னுரிமை. அதனால் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் எங்கள் கட்டடத்தில் வாடகை ஏறும். வீட்டைக் காலி செய்வதாக ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், விட்டுப்போன உறவெல்லாம் தேடி வந்துவிடும்.

மெக்கானிக்கின் மகளுக்கு அங்கே ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்தது. அன்றைக்கே அந்த அம்மா மகளை டாக்டராக்கிவிட்டார். எந்த நோய்க்கு என்பதுதான் பாக்கி. ஆனால் அந்தப் பள்ளியிலிருந்து முதலில் வீட்டுக்கு வந்தது பாடப்புத்தகம் அல்ல, ஒரு டூபா.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஆளுக்கொரு இசைக்கருவி பழக வேண்டும் என்பது அங்கே வழக்கம். கருவியைப் பள்ளியே இலவசமாகக் கொடுத்தனுப்பும். தேர்ந்தெடுக்கும் நாளன்று அம்மா மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"சும்மா கொடுக்கிறாங்க. இருக்கிறதுலயே பெருசா பார்த்து எடு. புல்லாங்குழல் கில்லாங்குழல்னு கைக்கு அடக்கமா எதையாவது தூக்கிட்டு வராதே."

அந்தப் பிள்ளை பெற்றோர் சொல் தட்டாதவள்.

டூபா என்பது பித்தளையில் செய்த ஊதுகருவி. சுருட்டி வைத்த குடல் மாதிரி குழாய், அதன் உச்சியில் கைக்குழந்தையை உட்கார வைக்கும் அளவுக்கு ஒரு வாய். அதை அப்பா தோளில் சுமந்து வந்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. லிஃப்டில் ஏற்கெனவே யாரோ வாங்கிய பீரோ இருந்ததால், டூபாவை மட்டும் உள்ளே திணித்து அனுப்பிவிட்டு அவர் படியேறினார். மூன்றாம் தளத்தில் காத்திருந்த புகார் மாமா, கதவு திறந்ததும் உள்ளே பார்த்துவிட்டு ஓரடி ஒதுங்கிக்கொண்டார். மாமாவுக்குச் சொந்தப் பெயர் உண்டு. ஆனால் பணி ஓய்வுக்குப் பிறகு அவர் புகார் சொல்லாத துறையே இல்லாததால் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை.

அன்று மாலை மகள் ஊதிப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. அம்மா ஊதினார். அத்தனை பேசும் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. கடைசியில் அப்பா ஊதினார். சமையலறையில் தட்டுகள் அதிர்ந்தன. சற்று நேரத்தில் வாசலில் புகார் மாமா.

"வீட்ல மாடு ஏதாவது வளர்க்கிறீங்களா?"

"ஸ்கூல் பாடம், மாமா," என்றார் அந்த அம்மா.

பள்ளி என்றதும் மாமாவின் சுருதி இறங்கியது. அவர் பேத்திக்கும் அங்கே இடம் வேண்டியிருந்தது. "பாடம்னா சரி. ஆனா வேற எங்கயாவது வச்சுப் படிக்கலாமே?"

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் அப்பா. அம்மா விடவில்லை. "டூபா வேண்டாம்னா, பொண்ணையும் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டா?"

மொட்டை மாடியில் லிஃப்டின் மோட்டார் அறை இருக்கிறது. சாவி அவரிடம்தான். அப்பாவும் மகளும் மாலையில் அங்கே போனார்கள். மகள் படியில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். அப்பா உள்ளே ஊதுவார்.

"டீச்சர் கேட்டா தினமும் பயிற்சி நடக்குதுன்னு சொல்லிடறேன்பா. அது ஒண்ணும் பொய் இல்லையே," என்றாள் மகள்.

ஆனால் சனிக்கிழமை வகுப்பில் வீட்டார் ஒருவரும் பிள்ளையோடு உட்கார வேண்டும். பாட்டு டீச்சர் மகளை ஊதச் சொன்னார். காற்று வந்தது. அப்பாவை ஊதச் சொன்னார். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

"யார் வீட்டுப்பாடம் செய்றாங்கன்னு புரிஞ்சுபோச்சு," என்றார் டீச்சர். மகள் தனக்குப் பள்ளியின் தச்சுப் பட்டறைதான் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். அவளை அங்கே அனுப்பிவிட்டு, டீச்சர் அப்பாவைப் பெற்றோர் இசைக்குழுவில் சேர்த்துக்கொண்டார். அப்பாவுக்கு மறுக்கத் தெரியவில்லை. மறுக்கவும் வாய் திறக்க வேண்டுமே.

இதற்குள் கட்டடத்தில் பீதி. மோட்டார் அறையில் எழும் சத்தம், லிஃப்ட் இறங்கும் கிணறு வழியாக எல்லாத் தளங்களுக்கும் வந்தது. நான் ஐந்தாம் தளம். ஒரு மாலை லிஃப்டில் ஏறியபோது தலைக்கு மேல் ஏதோ உயிர் போகிற மாதிரி முனகியது. கம்பி அறுகிறது என்றே முடிவுகட்டி, அடுத்த தளத்திலேயே இறங்கிவிட்டேன். புகார் மாமா லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்தார். கம்பெனி இந்தப் பகுதியின் மெக்கானிக்கை அனுப்பியது. வேறு யார்?

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, கருவிப் பெட்டியோடு வந்து நின்றார்.

"சத்தம் எப்ப வருது, மாமா?"

"சாயந்திரம். ஆனா நீங்க பக்கத்துல நின்னா வர்றதில்ல. மிஷினுக்கும் ஆள் தெரியுது."

எண்ணெய் தேவைப்படாத இடங்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டுவிட்டுப் போனார். சில நாள் ஊதவில்லை. அவர் கை பட்டதும் லிஃப்ட் வாயை மூடிக்கொண்டதாக மாமா தளம் தளமாகப் புகழ்ந்தார். ஆனால் பள்ளியில் இசை நிகழ்ச்சி நெருங்கியது. "மூச்சு குறைஞ்சிருக்கே," என்று டீச்சர் வேறு சொல்லிவிட்டார். மனிதர் மறுபடி மேலே போனார். மாமாவின் அடுத்த போன் நேராகச் சூப்பர்வைசருக்குப் போயிற்று.

லிஃப்டை நம்பாமல் சூப்பர்வைசரும் மாமாவும் படியேறினார்கள். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன். கதவைத் தள்ளினால், கவிழ்த்த பெயிண்ட் வாளியின் மேல் மெக்கானிக் கண்ணை மூடி உட்கார்ந்து டூபாவைக் கட்டிப்பிடித்திருந்தார். சூப்பர்வைசர் அந்த மூச்சு முடியும்வரை காத்திருந்தார்.

"சத்தம் எங்கேயிருந்து வருது?"

"என்கிட்டயிருந்துதான், சார்."

"இது என்ன?"

"பொண்ணு படிக்கிற ஸ்கூல்ல கொடுத்தது, சார்."

"எந்த ஸ்கூல்?"

சொன்னார். சூப்பர்வைசர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சற்று யோசித்தார். "என் பையனுக்கு அடுத்த வருஷம் பார்க்கணும். இந்தக் கட்டடத்துல வீடு ஏதாவது காலியாகுதா?"

"நான் உங்களைக் கூப்பிட்டது வீடு பார்க்க இல்ல," என்றார் மாமா.

அப்புறம்தான் சூப்பர்வைசருக்குக் கோபம் ஞாபகம் வந்தது. மோட்டார் அறைச் சாவி கைமாறியது. எங்கள் பகுதியை வேறு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, இவரைச் சந்தைப் பக்கத்துப் பழைய லிஃப்டுகளுக்கு மாற்றினார்கள். மனிதர் நொந்துபோனார். வழக்கமாகவே பேசாதவர் என்பதால், தட்டில் மிஞ்சிய சாப்பாட்டைப் பார்த்துத்தான் வீட்டில் கண்டுபிடித்தார்கள்.

சனிக்கிழமை டூபாவைத் திருப்பிக் கொடுக்கப் போனார். டீச்சர் காரணம் கேட்டதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதானாம்.

"இதுக்கு எதுக்கு மொட்டை மாடிக்குப் போனீங்க?" என்றார் டீச்சர். "இந்த அறை தினமும் சாயந்திரம் உங்களுக்காகத்தான் திறந்திருக்கு. நூலகம், பட்டறை எல்லாத்துக்குமே பிள்ளைங்களோட வீட்டு ஆளுங்களும் வரலாம். முதல் நாள் கூட்டத்துலயே சொன்னேனே."

சொல்லியிருக்கிறார். அப்போது பெற்றோர் எல்லோரும் போன வருட மதிப்பெண் பலகை முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

நிகழ்ச்சிக்கு நாங்கள் எல்லோரும் போனோம். கடைசி வரிசையில் டூபாவுக்கு மேலே அவர் நெற்றி மட்டும் தெரிந்தது. மற்றவர்கள் ஊதியும் இழுத்தும் ஓடிக்கொண்டிருக்க, இவர் மட்டும் அவசரமில்லாமல் அடியில் இருந்து தாங்கிக்கொண்டிருந்தார். புகார் மாமா என் காதருகே குனிந்து, "கிணத்துக்குள்ளேர்ந்து வராட்டி நல்லாத்தான் இருக்கு," என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்தில் கணக்கு வாத்தியார், பெண் நடுவாந்தரம், இன்னும் முயல வேண்டும் என்றார். பட்டறை வாத்தியார், உளி பிடிக்கும் கை நன்றாக இருக்கிறது என்றார். பாட்டு டீச்சர், அப்பாவிடம் நல்ல முன்னேற்றம் என்றார்.

திரும்பும் வழியில் அந்த அம்மா வெகு நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். "வீட்ல ஒருத்தர் நல்லாப் படிக்கிறீங்க, சந்தோஷம்தான்," என்றார் கணவரிடம். "ஆனா உங்களை டாக்டருக்குப் படிக்க வைக்க முடியாதே."

இப்போது அந்த அம்மாவும் செவ்வாய்க்கிழமை மாலைகளில் பள்ளி நூலகத்துக்குப் போகிறார். அங்கே பேசக்கூடாது என்று பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட அரைமணி நேரம் தாக்குப்பிடிக்கிறார் என்று மகள் சொன்னாள்.