அப்பாவின் நிறம்

பேத்தி என்னைப் படமாக வரைகிறாள். நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க என் கையில் ஒரு பொட்டு வண்ணம் தொட்டு வைத்தாள். தட்டில் ஏழு வண்ணங்கள் இருந்தன, கறுப்பு இல்லை. என் முகம் எப்படி வரப்போகிறதோ என்று கவலைப்படும்போதே, அந்த எண்ணெய் வண்ணத்தின் வாசம் என்னை எட்டு வயதுக்குக் கொண்டுபோனது.

தோணி கவிழ்ந்து அப்பா இறந்தபோது மிஞ்சியது ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான். அதைப் பார்த்துப் பெரிதாக வரைய வந்த ஓவியர், "ஆளு என்ன நிறம்?" என்று கேட்டார்.

"செவப்பாவே போடும் அண்ணாச்சி. நாளைக்கு இவனுக்குப் பொண்ணு பாக்கணும்லா?" என்றார் சிவந்த நிறமுடைய பெரியப்பா.

"அப்பம் அது உங்க படம்லா அத்தான்? எனக்கு எம் வீட்டுக்காரர்லா வேணும்," என்ற அம்மா, என் கையைப் பிடித்து ஓவியர் முன் நீட்டினாள். "இதான் அவிய நிறம்."

சிவப்பும் மஞ்சளும் குழைத்து, ஒரு சொட்டு நீலம் சேர்த்து, அவர் என் கையிலேயே வைத்து வைத்துப் பார்த்தார். ஐந்தாவது பொட்டு தோலோடு தோலாகிக் காணாமல் போனது. அம்மா அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கையை ஆட்டாதீங்க தாத்தா. உங்க நிறம் பிடிபடவே மாட்டேங்கு," என்றாள் பேத்தி.

"எங்கப்பா நிறம்லா அது. பதறாம குழைம்மா, வந்துரும்," என்றேன்.