பக்கத்து வீட்டு அக்கா வளர்த்த புழுக்கள்

எழுபதுகளின் கடைசியில் நான் ஈப்போவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்தேன். அந்த ஊரின் புந்தோங் பகுதியில் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் முட்டையிட வந்த ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சியைக் கொசுவலைக்குள் அடைத்தேன். சிறகில் வெள்ளைப் பட்டை உண்டு, சிவப்புப் பொட்டு கிடையாது.

அந்த இனத்தில் ஆண்கள் எல்லாம் ஒரே அச்சு. பெண்களில் இரண்டு வகை. ஒரு வகை ஆணைப் போலவே இருக்கும். மற்றது, பறவைகள் தொட அஞ்சும் வேறொரு நச்சுப் பூச்சியின் சிவப்புப் பொட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு திரியும். நஞ்சு துளியும் கிடையாது, வேஷம் மட்டும்தான். அந்த வேஷத்தின் மரபணு அப்பனிடமும் இருக்கலாம், ஆனால் அவன் சிறகில் தெரியாது, பெண்ணிடம் இருந்தால் கட்டாயம் தெரியும் என்று உயிரியல் ஆசிரியை சொல்லியிருந்தார். பொட்டில்லாத தாயின் முட்டையிலிருந்து பொட்டு வைத்த மகள் வந்தால், அது அப்பன் கொடுத்த சீதனம். பள்ளிக் கண்காட்சியில் இதைக் காட்டியே தீருவது என்று எனக்கு வெறி.

அது இட்ட முட்டைகளிலிருந்து வந்த புழுக்கள் பிஸ்கட் டின்னில் வளர்ந்தன. இடையில் பாகான் செராயில் ஒரு கல்யாணம். பக்கத்து வீட்டு அக்காவிடம் டின்னைக் கொடுத்து, இலை போடச் சொல்லிவிட்டுப் போனோம். பிறகு கூடுகள் உடைந்து இரண்டு வகை மகள்களும் வந்தபோது, தலைகால் புரியாமல் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாருக்கு லா. நீ குடுத்ததுல கொஞ்சம் செத்துப்போச்சு. எங்க செடியில இருந்து கூடுதலாவே புடிச்சுப் போட்டுட்டேன். வாங்குனத குறைச்சா திருப்பிக் குடுக்கறது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு கிண்ணம் சீனி வாங்கினால் கோபுரமாகத் திருப்பித் தருகிற தெரு எங்களுடையது. எந்த மகள் எந்தத் தாய்க்குப் பிறந்தவள் என்று இனி யார் சொல்வது?

பொட்டில்லாத இன்னொரு தாயைப் பிடித்து மறுபடி ஆரம்பித்தேன். பள்ளியிலிருந்து தைப்பிங்குக்கு முகாம் போக வேண்டியிருந்தது. அம்மா புழுவென்றால் காத தூரம் ஓடுவார். வேறு வழியில்லாமல் டின் அக்காவிடமே போனது.

"செத்தா செத்ததுதான்க்கா. குறைஞ்சாலும் அப்படியே குடுங்க," என்று கெஞ்சினேன்.

திரும்பி வந்ததும் அக்கா டின்னை நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "குறைஞ்சுபோச்சு. வெக்கமா இருக்கு லா," என்றார். டின்னின் மேல் ஒரு தட்டு நிறைய வடை. அந்த நிமிடம் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மிஞ்சியவற்றில் பொட்டு வைத்த மகள்களும் இருந்தார்கள். கண்காட்சிக்கு அக்கா பட்டுச்சேலை கட்டி வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். வந்தவர்களிடமெல்லாம் எனக்கு முந்திக்கொண்டு சொன்னார்:

"எல்லாம் ஒரே தாய் புள்ளைங்க. நான் ஒண்ணுகூட சேர்க்கல."