துணிக்கடை மேசையில் நான்கு நாள்

சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில்தான் நான் முதன்முதலில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு வகை இணைப்பு. பிரிண்டருக்குக் கட்டைவிரல் தடிமனில் ஒரு கேபிள். அதன் தலையை இருபுறமும் திருகி முடுக்க வேண்டும். மவுசுக்கு உருண்டையான முனை, அதற்குள் ஊசி ஊசியாகக் கம்பிகள். மெஷின் ஓடும்போது எதையும் பிடுங்கிச் செருகக் கூடாது. ஒருநாள் மேசையைத் துடைக்கையில் மவுஸ் கழன்றுவிட்டது. அவசரத்தில் கோணலாக அழுத்தியதில் இரண்டு கம்பிகள் மடங்கிப்போயின. வெளியே சரக்குச் சீட்டுக்காக நான்கு லாரிகள் நின்றன. டிரைவர்கள் சன்னலில் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு பகல் முழுக்கச் சீட்டுப் போட்டேன். சேலத்திலிருந்து வேறு மவுஸ் வர மறுநாளாகிவிட்டது.

பிறகு யூஎஸ்பி வந்தது. தட்டையான ஒரே வாய், எதை வேண்டுமானாலும் செருகலாம் என்றார்கள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நானே ஒரு இ-சேவை மையம் வைத்த பின், ஒரு கார்த்திகை மாதக் காலையில்தான் அதன் அருமை தெரிந்தது.

அன்று கடையைத் திறந்தால் கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லை. ரிப்பேர்காரர் வந்து பார்த்துவிட்டு, நான்கு நாளாகும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் போன கையோடு ஆட்டோவில் ஒரு அம்மா வந்து இறங்கினார். மேட்டூரில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் ஊன்றுகோலோடு மெதுவாக ஏறி வந்தார். பென்ஷன்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை கைரேகை வைத்து, உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தார்.

“கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுங்கம்மா. நாலு நாள் கழிச்சு வர முடியுங்களா?” என்றேன்.

“நாளைக்கு மக ஊட்டுக்கு ஓசூர் போறேன் சாமி. இந்தக் காலை வெச்சுக்கிட்டு எங்கீன்னு அலையறது?”

பக்கத்துத் துணிக்கடை பாய் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, நம்ம பில்லு போடற லேப்டாப் இருக்குதுங்க. சாமானை இங்க எடுத்துட்டு வாங்க.”

“அது வேற கம்பெனிங்க பாய். என் மிசினெல்லாம் அதுல சேருமா தெரியலைங்களே.”

“ஓட்டை எல்லாத்துலயும் ஒண்ணுதானுங்களே?” என்றார் அவர்.

பிரிண்டர், மவுஸ், கைரேகைக் கருவி மூன்றையும் தூக்கிக்கொண்டு போனேன். மூன்றும் வேறு வேறு கம்பெனி. லேப்டாப்பில் இரண்டு வாய்தான். ஒன்றில் அவருடைய பில் மெஷின் இருந்தது. இன்னொன்றில், ஒரு வாயை நான்காகப் பிரிக்கும் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டினார். மவுஸ் உடனே நகர்ந்தது. பிரிண்டரை லேப்டாப் சற்று யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டது. கைரேகைக் கருவியில் விளக்கு எரிந்தது, ஆனால் அதற்கான சாப்ட்வேரை நெட்டிலிருந்து இறக்க அரைமணி நேரமானது. செருகியவுடன் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு திருகுகூட முடுக்கவில்லை, ஒரு தடவைகூட மெஷினை அணைக்கவில்லை. நடுவில் ஒருவர் லுங்கி வாங்க வந்தார். அவருக்கான பில்லும் அதே லேப்டாப்பில் ஓடியது.

அந்த அம்மாவின் கட்டைவிரலைக் கருவி எடுக்கவே இல்லை. ஆள்காட்டி விரலையும் எடுக்கவில்லை.

“அத்தனை வருசம் மருந்துத் தண்ணியில கை கழுவுனது. ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு,” என்றார். அவர் முகம் வாடிவிட்டது. பாய் ஈரத்துணி கொடுத்தார். துடைத்துவிட்டு மோதிரவிரலை வைக்கச் சொன்னேன். இரண்டாம் தடவை பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிரிண்டரிலிருந்து வந்த தாளை அந்த அம்மா கண்ணாடி போட்டுப் படித்தார்.

“நா உசுரோட இருக்கறத ஒருவழியா ஒத்துக்கிச்சா?” என்று கேட்டார். பாய் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆட்டோவரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

அந்த நான்கு நாளும் என் கடை அந்தத் துணிக்கடையின் மூலையில்தான் நடந்தது. வருமானச் சான்றுக்கு வந்தவர்கள் காத்திருந்த நேரத்தில் சேலை பார்த்தார்கள். இரண்டு பேர் வாங்கியும் போனார்கள்.