பாதி மொட்டையில் ஒரு விருது

திருத்தணி மலையில், முடிக்காணிக்கை மண்டபத்தில் மொட்டை அடிப்பவர் முன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஊரார் தலையையெல்லாம் மழிப்பவர், தன் தலையில் மட்டும் எண்ணெய் தடவி வாரிய சுருட்டை முடி வைத்திருந்தார். தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போனில் அமெரிக்காவின் பெரிய சினிமா விருது விழா ஓடிக்கொண்டிருந்தது.

"நடிகருக்கு யார்னா வாங்கிகினு போவட்டும் சார். மேக்கப்புக்கு, முடிக்குக் குடுக்கறான் பாருங்க, அத நான் கரெக்டா சொல்லிடுவேன்."

"இந்த வருஷம் யாருக்கு?"

"ஒரு படத்துல நடிச்ச பொண்ணு நெசமாவே மொட்ட அடிச்சிகினா. அதுக்குத்தான். இன்னொன்னுல ஈரோவுக்கு ரப்பர் மொட்ட. காதோரம் பசை தெரியுது சார்!"

என் இடக்காதுக்கு மேல் கத்தி வந்தபோது அந்த விருதை அறிவிக்கத் தொடங்கினார்கள். கத்தி அப்படியே நின்றது.

"ஆடாதீங்க," என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் மூச்சைக்கூட விடவில்லை.

ரப்பர் மொட்டைக்கு விருது கிடைத்தது.

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். மீதித் தலையை ஒரு கீறல் இல்லாமல் மழித்து முடித்து, என் கையைப் பிடித்து என் உச்சந்தலையில் வைத்தார்.

"தடவிப் பாருங்க. ரப்பர் இப்பிடிக் குளுருமா?"

"குளிராது."

"பின்ன எப்பிடி சார் குடுத்தான்?"

பொய்யை நிஜமாகக் காட்டுவதற்குத்தான் அந்த விருதே என்று எனக்குத் தெரியும். கத்தி கீழே இருந்தது. அப்போதும் சொல்ல வாய் வரவில்லை.