இருநூற்று நாற்பத்து மூன்றும் முந்நூற்று எட்டும்

என் முதல் துவக்கை நான் அதன் மரத்துக்காக வாங்கினேன். இதை வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது. என்ன எடை, சுட்டால் தோளில் எப்படி உதைக்கும் என்றெல்லாம் கேட்க வேண்டிய இடத்தில், தோளில் வைக்கும் கட்டையின் வால்நட் மரத்தில் ஓடிய ரேகைகளைத் தடவிப் பார்த்து, எங்கள் சாப்பாட்டு மேசையோடு நன்றாகப் பொருந்தும் என்று நினைத்தேன். துவக்கை மேசைக்குப் பக்கத்தில் வைப்பதில்லை, இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் நினைத்தேன்.

இதில் நான் இறங்கியதற்குக் காரணம் ஒரு கறி. ஸ்ட்ரெதமில் ஓர் அண்ணை இருக்கிறார். கூடப் பிறந்தவர் அல்ல. லண்டனுக்கு வந்த புதிதில் ஒரே வீட்டில் நான் கீழேயும் அவர் மேலேயும் வாடகைக்கு இருந்த பழக்கம். அன்று அவர் வீட்டில் மான் இறைச்சி. கடையில் வாங்கியதல்ல, கென்ட்டில் ஒரு பண்ணையில் அவரே சுட்டது. அங்கே மான்கள் பெருகி, நட்ட கன்றுகளை எல்லாம் கடித்துத் தள்ளுவதால், குளிர்காலத்தில் எண்ணிக்கையைக் குறைக்கப் பண்ணைக்காரர் அண்ணையையும் இன்னும் இரண்டு பேரையும் சுட விடுவார். அந்த இரண்டு பேரில் ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டதால் ஓர் இடம் காலி என்றார். மூன்றாம் தடவை கறி போட்டுக்கொண்டிருந்த நான், எனக்கும் சுட வரும் என்று சொல்லிவிட்டேன்.

உண்மையில் அதுவரை நான் துவக்கை முன்பக்கத்தில் இருந்து மட்டும்தான் பார்த்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர் பலருக்கும் அப்படித்தான். பின்பக்கம் எப்படி இருக்கும் என்று நின்று பார்க்க யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை.

இந்த நாட்டில் துவக்கு வைத்திருக்கப் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குக் காரணம் வேண்டும்: எந்த நிலத்தில், எதைச் சுடப் போகிறாய்? பண்ணைக்காரர் எனக்கு ஒரு கடிதம் தந்தார். கூடவே ஒரு நிபந்தனையும் தந்தார். முதல் வேட்டைக்கு முன் அவர் கண் முன்னால் நூறு யார், கிட்டத்தட்டத் தொண்ணூறு மீற்றர் தூரத்தில் மூன்று வெடி வைக்க வேண்டும். மூன்றும் தேநீர்ச் சாசர் அளவு வட்டத்துக்குள் விழ வேண்டும். காயப்பட்ட மான் ஒன்று தன் காட்டுக்குள் ஓடித் திரிவதை அவர் பார்க்க விரும்பவில்லை. விழாவிட்டால் கடிதத்தைத் திருப்பி எடுத்துவிடுவார். கடிதம் போனால் காரணம் போகும், காரணம் போனால் சான்றிதழ் போகும், சான்றிதழ் போனால் வால்நட் மரமும் போகும்.

விண்ணப்பத்தில் கலிபரையும் எழுத வேண்டியிருந்தது. கலிபர் என்பது குழலின் உள்வாய் அகலம். அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி, அதில் எத்தனை பங்கு என்று சொல்லுவார்கள். பெரிய மான்களுக்கு இருநூற்று நாற்பதுக்குக் குறையக் கூடாது என்பது இங்கிலாந்துச் சட்டம். அண்ணை வைத்திருப்பது இருநூற்று நாற்பத்து மூன்று. என்னையும் அதையே எழுதச் சொன்னார்.

அங்கேதான் எனக்குள் இருந்த தகப்பன் எழுந்துகொண்டான். பாஸ் மார்க் இருநூற்று நாற்பது, எடுத்தது இருநூற்று நாற்பத்து மூன்று. இப்படி ஒரு ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டும் பிள்ளையை எங்கள் வீடுகளில் எப்படி வரவேற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மகள் கணக்கில் தொண்ணூற்றாறு எடுத்துக்கொண்டு வந்தபோது, மிச்சம் நாலு எங்கே என்று கேட்டவன் நான். அப்படிப்பட்டவன் தனக்கென்று மூன்று மார்க்கில் தப்பிப் பாஸான ஒரு துவக்கை வாங்குவதா? பட்டியலைப் பார்த்தேன். முந்நூற்று எட்டு என்று ஒன்று இருந்தது. எழுதிவிட்டேன்.

அண்ணைக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"தம்பி, நீர் மான் சுடப் போறீரோ, மாடி வீடு இடிக்கப் போறீரோ?"

"இல்லை அண்ணை, கொஞ்சம் கூட இருந்தால் நல்லந்தானே."

"மானுக்கு மார்க்ஸ் பார்க்கத் தெரியாதடாப்பா."

முந்நூற்று எட்டைக் குறை சொல்லக் கூடாது. நல்ல கலிபர்தான், நிறையப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் குண்டு பெரிதானால் உதையும் பெரிதாகும். அதைத் தாங்கத் துவக்குக்குக் கொஞ்சமாவது எடை வேண்டும். நான் மரத்தைப் பார்த்து எடுத்ததோ, மலையேறித் திரிபவர்களுக்காகச் செய்த, கடையிலேயே ஆக மெலிந்த துவக்கு. நான் குடியிருக்கும் ரெய்னர்ஸ் லேனில் ஏறக் கிடைக்கும் ஆக உயரமான இடம் ஸ்டேஷன் படி.

கடைக்காரர் இன்னொரு கேள்வியும் கேட்டார். குண்டை ஏற்றி இறக்கும் போல்ட் கைப்பிடி வலப்பக்கம் வேண்டுமா, இடப்பக்கம் வேண்டுமா? எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. இடது கையால் சாப்பிடுகிறவனா நீ என்று கேட்டதுபோல இருந்தது. எங்கள் வீட்டில் இடக்கைக்கு ஒரு நாளைக்கு ஒரு வேலைதான், அதுவும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் வேலை. முதலாம் வகுப்பில் நான் பென்சிலை இடது கையில் பிடித்ததற்கு வாத்தியார் கோடு போடும் அடிமட்டத்தால் விரல் முட்டியில் போட்டதும், அம்மா சோற்றுக் கோப்பைக்குள் போன இடது கையைத் தட்டிவிட்டதும் ஒரு கணம் ஞாபகம் வந்தன. வலது என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

அதற்கு முன்பே வீட்டைப் பார்க்கப் பொலிஸ் பெண் ஒருவர் வந்து போயிருந்தார். துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டியைச் சுவரோடு சேர்த்து போல்ட் அடிக்க வேண்டும். சுவர் நல்ல பலமாக இருந்த ஒரே இடம் படிக்குக் கீழே இருந்த அலுமாரி. அது இருபது வருடமாக அரிசி மூட்டையின் வீடு. மூட்டையைக் கொண்டுவந்து முன் அறையில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு வந்த விருந்தாளிகளில் இரண்டு பேர் அதில் உட்கார்ந்தும் இருக்கிறார்கள். பொலிஸ் பெண் பெட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டு, என் மனைவி கொண்டுவந்து வைத்த ரோல்ஸை ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டு, வீட்டில் துவக்கு இருப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று அவளைக் கேட்டார். துவக்கில் இல்லை, அரிசி இருக்கிற இடத்தில்தான் ஆட்சேபணை என்று இவள் பதில் சொன்னாள். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

அவர் போனபின் மனைவி எனக்குத் தனியாக ஒரு சட்டம் போட்டாள்.

"பண்ணைக்காரன் ஓம் எண்டால் சரி. இல்லையெண்டால் பெட்டி வெளியில, அரிசி உள்ளுக்கு."

ஆக இரண்டு பேர் முன்னால் ஒரே சோதனையில் நான் பாஸாக வேண்டியிருந்தது.

சுடுதளத்தில் பயிற்சி தொடங்கியது. முதல் வெடியிலேயே துவக்கு என்னைத் தோளில் பிடித்துத் தள்ளியது. குண்டு எங்கே போனது என்று எனக்கும் தெரியவில்லை, பின்னால் பைனாக்குலரோடு இருந்த அண்ணைக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் போனோம். ஒருநாள் தாளின் மேல் மூலையில் ஓட்டை, ஒருநாள் பக்கத்துக்காரரின் தாளில். காற்றில் பிழை கண்டேன். குறிபார்க்கும் ஸ்கோப்பில் பிழை கண்டேன். குண்டின் எடையை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் மூக்குக் கண்ணாடியில் பிழை கண்டு எனக்கே புதிதாக ஒன்று செய்துகொண்டேன். நான் ஹரோவில் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவன் என்பதை இங்கே சொல்ல வேண்டும், சொல்லாமல் விடத்தான் ஆசை.

வீட்டில் சட்டையைக் கழற்றியபோது வலது தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மனைவி எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"மான் திருப்பிச் சுட்டதோ?"

சோதனை பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. புல்லில் உறைபனி. பண்ணைக்காரர் நெட்டையான மனிதர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் வரி கட்ட வேண்டும் என்பதுபோல இருப்பார். தாளை நட்டுவிட்டு வந்து, படு என்று கையைக் காட்டினார். படுத்தேன். மூச்சை விட்டேன், பாதியில் நிறுத்தினேன், விசையை இழுத்தேன். உண்மையைச் சொன்னால், வெடிப்பதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டேன். தோளுக்கு வரப்போவது என்னவென்று அதற்குத் தெரியும். முதலாவது தாளின் ஓரத்தில், இரண்டாவது தாளே இல்லாத இடத்தில். மூன்றாவது மண்ணில் விழுந்தது; கண்ணைத் திறந்தபோது மண் சிதறியதை நானே பார்த்தேன்.

அண்ணை தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு டிவிக்குப் பக்கத்தில் இருந்த அரிசி மூட்டை எழுந்து நடந்து படிக்குக் கீழே போவது தெரிந்தது.

பண்ணைக்காரர் பிளாஸ்கில் இருந்து தேநீர் ஊற்றித் தந்தார். வலது கையால் வாங்கினேன். வாங்கி, இடது கைக்கு மாற்றிக் குடித்தேன். பிஸ்கட் தந்தார். வலதால் வாங்கி, இடதுக்கு மாற்றிக் கடித்தேன். கோப்பையைத் திருப்பித் தருவதற்கு மறுபடி வலதுக்கு மாற்றினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கண்டேன். அவருடைய கோப்பை தொடக்கத்தில் இருந்தே இடது கையில் இருந்தது.

ஏன் கை மாற்றுகிறாய் என்று கேட்டார். எங்கள் வழக்கம், பெரியவர்களிடம் இடது கையால் வாங்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது என்றேன். அவர் தன் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஓர் ஓட்டை செய்து, வேலிக்கு அப்பால் நின்ற ஓக் மரத்தை அதற்குள் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இடது கண்ணை மூடு என்றார். மூடினேன். மரம் ஓட்டையை விட்டுக் குதித்துப் பக்கத்துக்குப் போய்விட்டது. வலது கண்ணை மூடு என்றார். மரம் வந்து நடுவில் நின்றது.

இந்தச் சோதனையை நான் கடையில் வாரத்துக்கு இரண்டு பேருக்காவது செய்கிறேன். ஒரு கண்ணுக்குத் தூரத்துக்கும் மற்றதற்குக் கிட்டத்துக்கும் லென்ஸ் போடுபவர்களுக்கு எந்தக் கண் முந்தும் என்று பார்க்க இதுதான் வழி. பதினெட்டு வருடமாகச் செய்கிறேன். ஒருநாள்கூட அந்த ஓட்டைக்குள் நான் எட்டிப் பார்த்ததில்லை.

பண்ணைக்காரர் ஜீப்பில் இருந்து தன் துவக்கைக் கொண்டுவந்தார். கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, அங்கங்கே கீறல், ஒரு பக்கத்தில் டேப் சுற்றியிருந்தது. மேசைக்குப் பக்கத்தில் அல்ல, அந்த மேசை இருக்கிற தெருவிலேயே வைக்க முடியாது. போல்ட் இடப்பக்கம்.

"தம்பி, இருநூற்று நாற்பத்து மூண்டு," என்று அண்ணை பின்னால் இருந்து சொன்னார். "பாஸ் மார்க்குக்கு மூண்டு கூட."

பண்ணைக்காரர் பக்கத்தில் குந்திக்கொள்ள, நான் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். இடது தோளில் கட்டை, இடது கண்ணில் ஸ்கோப், இடது விரலில் விசை. ஏதோ செய்யக் கூடாததைச் செய்கிற கூச்சம் இருந்தது, முட்டியில் அடிமட்டம் விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. வெடித்தது. தோளில் யாரோ கூப்பிட்டுத் தட்டியதுபோல ஒரு தட்டு, அவ்வளவுதான். கண்ணும் திறந்தே இருந்தது. இரண்டாவது. மூன்றாவதற்கு நெடுநேரம் எடுத்தேன்.

நடந்து போய்த் தாளைப் பார்த்தோம். இரண்டு ஓட்டைகள் வட்டத்துக்குள் சுகமாக இருந்தன. மூன்றாவது கோட்டின் மேலேயே, உள்ளா வெளியா என்று தெரியாத இடத்தில் இருந்தது. பண்ணைக்காரர் குனிந்து, பெருவிரலை வைத்து, நெடுநேரம் பார்த்தார். மிச்சம் எங்கே என்று அவர் கேட்கவில்லை. உள்ளே என்றார். இதே கலிபரில் இடக்கைத் துவக்கு ஒன்றோடு வா, இன்னொரு தடவை சுட்டுக் காட்டிவிட்டுக் காட்டுக்குள் போகலாம் என்றும் சொன்னார். அன்றைக்கு அவருடைய வார்த்தைக் கணக்கு முடிந்துவிட்டது.

அப்படி ஒன்றைப் பிறகு வாங்கினேன். இடக்கைத் துவக்குக்கு ஆள் வராமல் கடையில் நெடுநாள் தூங்கிக்கொண்டிருந்தது. பாரமானது, அழகில்லாதது. அதற்கு முன் பொலிசுக்கு எழுதிச் சான்றிதழில் முந்நூற்று எட்டை இருநூற்று நாற்பத்து மூன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். பிடித்த துவக்கு எது என்று யாராவது கேட்டால் இப்போது யோசிக்காமல் அதைத்தான் சொல்கிறேன். பெரிய குண்டு பிழையான இடத்தில் படுவதைவிடச் சின்னக் குண்டு சரியான இடத்தில் படுவது மானுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. கண்ணைத் திறந்துகொண்டு சுட விடுகிற கலிபர்தான் என் கலிபர்.

ஆனால் அன்று வீட்டுக்கு வந்தபோது இதெல்லாம் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. மனைவி குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று, தேநீர்க் கோப்பையில் இருந்து ஓக் மரம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி முன் அறையிலேயே இருக்கும் என்றேன். நான் பிறவியிலேயே இடக்கைக்காரன், ஐம்பத்து மூன்று வருடமாக இது ஒருவருக்கும் தெரியாது, ஒரு வெள்ளைக்காரன் ஒரு பிஸ்கட்டை வைத்துக் கண்டுபிடித்துவிட்டான், நீயாவது கவனித்தாயா என்று கேட்டேன்.

அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"தாலியையே இடக்கையாலதானே எட்டி வாங்கினனீங்கள்."