மடிப்புக் கலையாத சட்டைகள்

போன வருஷம் கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம், அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் நடந்தது இது. 

நாங்கள் குடியிருப்பது ஏற்காட்டில். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரே மகள். சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். தினமும் பஸ்ஸில் இறங்கிப் போய், பஸ்ஸிலேயே ஏறி வருவாள். மழை பிடித்துவிட்டால், வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, தீபாவளிக்காக பீரோவை ஒழித்தேன். மகளின் பழைய பள்ளிச் சீருடைகள், சுடிதார்கள், என் கணவரின் முழுக்கைச் சட்டைகள் என்று கட்டில் நிறையச் சேர்ந்துவிட்டது. போகிக்குத் துணி எரிப்பதை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். இப்போது வரும் துணிகளில் பாதி நெருப்பில் உருகிச் சொட்டுகிறது, அந்தப் புகையில் தெருவே இருமும். குப்பை வண்டியில் போடவும் மனம் வரவில்லை. தெரிந்தவர்களுக்குக் கொடுக்கலாம்தான். ஆனால் பழையதை நீட்டினால் அவர்கள் மனம் நோகுமோ என்று எனக்கு எப்போதும் ஒரு கூச்சம். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடம்கூட ஒருமுறை கேட்க வாயெடுத்து, அப்படியே விழுங்கிவிட்டேன்.

அந்த வாரம் மைக் கட்டிய வேன் ஒன்று தெருத்தெருவாக வந்தது. பழைய துணி கொடுங்கள், இல்லாதவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்று கூவினார்கள். கொடுப்பது யார், வாங்குவது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது.

எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்டு, விட்டுப்போன பட்டன்களைத் தைத்து வைத்தேன். மகள் கட்டில் மேல் உட்கார்ந்துகொண்டு, "ஏம்மா, பொண்ணைக் கட்டிக்குடுத்துச் சீர் அனுப்பற மாதிரியில்ல பண்றே?" என்று கேலி செய்தாள். பிளாஸ்டிக் பையில் போடக் கூடாது என்று என் பழைய நைலக்ஸ் புடவை ஒன்றிலேயே மூட்டை கட்டினோம். மஞ்சளில் காப்பிக்கொட்டை நிறப் பூப்போட்ட புடவை. வேன் குலுக்கலில் அவிழ்ந்து சிந்திவிடக் கூடாதே என்று கணவர் முழங்காலால் அழுத்தி முடிச்சுப் போட்டார். போட்ட முடிச்சில் தண்ணீர் தொட்டு இன்னும் இறுக்கினார். வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, வீடு சுத்தமானதைவிட மனசு சுத்தமானது போல இருந்தது.

சம்பவத்தன்று மத்தியானத்திலிருந்தே மழை. சாயங்காலம் மகள் போன் செய்தாள். "அம்மா, பஸ் நின்னிருச்சு. வளைவுல ரோட்டு மேல தண்ணி போவுது. எல்லாரும் எறங்கி நடந்து அந்தப் பக்கம் போறாங்க..." அதோடு சிக்னல் போய்விட்டது. நானும் கணவரும் காரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினோம். அவர் ஓட்ட ஓட்ட, போ போ என்று நான் கத்திக்கொண்டே வந்தேன்.

அந்த வளைவில் மேலிருந்து வரும் ஓடைத் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் இருக்கும் சிறுபாலம் வழியாகத்தான் போகும். பாலத்தின் வாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் ரோட்டின் மேலேயே செம்மண் நிறத்தில் கல்லை உருட்டிக்கொண்டு போனது. பஸ் அந்தக் கரையில் நின்றது. ஆட்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள்.

என் மகள் நடுத்தண்ணீரில் இருந்தாள். ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா அவளுடைய கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "தண்ணியப் பாக்காத சாமி, தலை சுத்தும். அங்க நிக்கறது உங்கம்மாதான? அவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே நட." மகள் என்னையே பார்த்தபடி நடந்தாள். நான் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இன்னும் நாலு எட்டு வைத்தால் வந்துவிடுவார்கள். ஒரு கல் உருண்டு வந்து அந்த அம்மாவின் காலில் அடித்தது. சாய்கிற அந்த நொடியில் அவர் என் மகளின் முதுகைப் பிடித்து முன்னால் தள்ளினார். என் கணவர் பாய்ந்து அவளைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவைப் பிடிக்க யாரும் இல்லை. தடுப்புச்சுவர் இல்லாத இடமாகப் பார்த்துத் தண்ணீர் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பத்துப் பதினைந்து அடி கீழே ஒரு மரத்தில் மோதிக் கிடந்தார். ஆண்கள் இறங்கித் தூக்கி வந்தார்கள். நினைவு இருந்தது. "எங்காலு இருக்குதுங்களா? ஏனுங்க, எங்காலு இருக்குதுங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். கால்கள் இருந்தன. அவருக்குத்தான் தெரியவில்லை.

ஏற்காட்டிலிருந்து ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஆனால் சேலத்துக்குப் போக இந்தத் தண்ணீரைத் தாண்டியாக வேண்டும். ரோட்டு வேலை செய்பவர்கள் சிலர் கடப்பாரையோடு சிறுபாலத்தின் வாயைக் குத்திப் பார்த்தார்கள். கொக்கி மாட்டி நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். எங்கள் கார் வெளிச்சத்தில் சேறு பூசிய ஒரு மூட்டை வந்து விழுந்தது. அதைச் சுற்றி இலை, பாட்டில், யார் யாரோ எறிந்த துணிகள் கயிறு போல முறுக்கிக்கொண்டு கிடந்தன. மழை சேற்றைக் கழுவ, மஞ்சள் தெரிந்தது. காப்பிக்கொட்டை நிறப் பூ தெரிந்தது.

"முடிச்சப் பாருங்கடா. அவுந்திருந்தா தண்ணியே இழுத்துக்கிட்டுப் போயிருக்கும். கல்லாட்டம் வந்து ஒக்காந்துக்கிச்சு. எந்தப் புண்ணியவதி இப்படி இறுக்கிக் கட்டுனாளோ!" என்றார் ஒருவர். தூக்கி எறிய முடியாத அளவுக்கு நீர் ஊறிக் கனத்ததால் அரிவாளால் புடவையைக் கிழித்தார். உள்ளே, நடுவில், என் கணவரின் சட்டைகள் நான் அடுக்கி வைத்த மாதிரியே இருந்தன. இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. வேனில் கொண்டுபோனவர்கள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"அது எங்க துணிங்க" என்றேன். யாரும் திரும்பவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். அரிவாள்காரர் எரிச்சலோடு, "உங்களுதோ எங்களுதோ, ஓரமாப் போங்கம்மா, வண்டி போகோணும்" என்றார். தண்ணீர் உறுமிக்கொண்டு பழைய வழியில் இறங்கியது. ஆம்புலன்ஸ் போனது. என் மகள் நனைந்த கையால் தன் பழைய சீருடை ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

அந்த வேனைப் பற்றி விசாரித்தேன். விற்கிற மாதிரி கண்ணில் படுவதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தையும் பிரிக்கச் சிரமமான மூட்டைகளையும் இறங்கும் வழியில் ஏதாவது வளைவில் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னார்கள். எங்கள் மூட்டையை யார் தள்ளினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்து மட்டும் என்ன ஆகப்போகிறது?

அந்த அம்மாவின் வீடு கரடியூரில். எங்களுக்கு பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். எஸ்டேட்டில் கூலி வேலை; கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒன்றில் இருக்கிறார். காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுக்கையில் கிடந்தார். முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பார்க்கப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, அடைத்த மூட்டை எங்களுடையது என்பதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

கூரையைப் பார்த்தபடியே, "சட்டையெல்லாம் முழுக்கைங்களா அம்மிணி?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"கிழிசலுங்களா?"

"இல்லைங்க. துவைச்சு, பட்டனெல்லாம் தெச்சு வெச்சிருந்தேன்."

அவர் சிரித்தார். "எங்ககிட்டக் குடுத்திருக்கலாமுங்களே! பழம் பறிக்கப் போனா சீலைக்கு மேல சட்டை போடாம முடியுங்களா? எறும்பு புடுங்கிரும், குச்சி கிழிச்சிரும். நல்ல முழுக்கைச் சட்டைன்னா எங்க லைன்ல சண்டையே நடக்குமுங்க."

அடுப்படியிலிருந்த அவருடைய மருமகள் வெளியே வராமலே சொன்னாள். "இப்ப அது எதுக்குங்க அத்தை? சட்டை போட்டுக்கிட்டு எங்க போகப்போறீங்க?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடம்பைத் திருப்ப அவரால் முடியாது. எழுந்து வந்துவிட்டேன். பிறகு எத்தனையோ முறை போயிருக்கிறேன். எங்களால் ஆனதைச் செய்கிறோம். அவர் இன்னும் எழுந்து உட்காரவில்லை. உட்காருவார் என்று டாக்டர்களும் சொல்லவில்லை.

மகள் மறுபடி அதே பஸ்ஸில்தான் போய்வருகிறாள். ராத்திரி அவள் தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், இவள் இங்கே படுத்திருப்பதற்காக அங்கே ஒருவர் படுத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. கரடியூர் லைன் வீடுகளில் ஒரு கதவைத் தட்டி, பழைய சட்டை இருக்கிறது, வேண்டுமா என்று நேருக்கு நேர் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, நடந்தது அவ்வளவுதான். மூட்டையை வேனில் ஏற்றிவிட்டு, அது யாருக்கோ போய்ச் சேர்ந்திருக்கும் என்று நான் நிம்மதியாகத் தூங்கிய அந்த ஒரு மாதமும் அது மேலே ஏதோ ஒரு வளைவுக்குக் கீழே, ஓடைச் சரிவில், மழைக்காகக் காத்துக் கிடந்ததை நினைத்தால், இனி எந்த நல்ல காரியத்தைச் செய்துவிட்டும் என்னால் நிம்மதியாகக் கண்ணை மூட முடியும் என்று தோன்றவில்லை.