பத்து நாள் விடுப்பு

எனக்குரிய விடுப்பை எடுக்க நான் ஏன் கெஞ்ச வேண்டும்? ஜப்பானில் நான் பணிபுரியும் முதியோர் இல்லத்தில், சென்ற ஆகஸ்டில், ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு இப்படித்தான் குமுறினேன். ஊரில் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. உடனிருக்க வேறு ஆள் இல்லை. ‘பத்து நாள் விடுப்பு எடுக்கிறேன்’ என்று எழுதியிருந்தேன். மேலாளர் அம்மையார் அதை அடித்துவிட்டு, ‘யசுமசேத்தே இத்ததாகிமஸ்’ என்று திருத்தியிருந்தார். ஒருவரைச் செய்யவைப்பதையும் செய்யவிடுவதையும் சொல்லும் பிறவினைகளை மாலை வகுப்பில் அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். ஆகவே பொருள் புரிந்தது. ஓய்வெடுக்க என்னை விடுகிறீர்கள், அந்தத் தயவைப் பெற்றுக்கொள்கிறேன்.

இந்தத் தயவை நான் அறிவேன். திருவையாற்றுக்கு அருகே எங்கள் ஊரில் அம்மா நடவு ஆள். நான் கல்லூரியில் சேர்வதற்கு முந்தைய மாலை, காலில் சேறோடு வரப்பில் நின்று நிலக்காரரிடம் கேட்டாள்.

“நாளைக்கு ஒரு நாள் விடுங்கய்யா. புள்ளையக் காலேஜுல சேக்கணும்.”

“சேத்து, கலெக்டராக்கிட்டே வா. அதுவரைக்கும் நாத்து ஒனக்காகக் காத்துக்கிட்டு நிக்கும்.”

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். மறுநாள் கல்லூரிக்கு நான் தனியாகப் போனேன்.

“நீங்கள் மறுத்தால்?” என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் குழம்பிப்போனார். “மறுப்பதா? விடுப்பு உங்களுடையதுதானே?” என்றவர், அறிவிப்புப் பலகையைக் காட்டினார். ஓபோன் பண்டிகைக்கு இல்லத்தின் இயக்குநர் மூன்று நாள் வரமாட்டாராம். ஊழியர்களுக்கும் முதியவர்களுக்கும் அவர் எழுதியிருந்ததும் அதே வாக்கியம்.

இங்கே எல்லாம் சரி என்று சொல்லவில்லை. கேட்கத் தயங்கியே விடுப்பெடுக்காத ஊழியர்கள் இங்கும் உண்டு. ஆனால் என் கோபம் ஊர்ப்பக்கம் திரும்பியது. மோட்டார் ஓடாத ஒரு நாள், நடவுப் பெண்களை வரப்பில் உட்காரவைத்துவிட்டு எங்கள் நிலக்காரர் தஞ்சாவூருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். பொழுது சாயும்போதுதான் அவர்களுக்கே அது தெரிந்தது. அவர் யாரிடம் அனுமதி கேட்டார்? ஒரு பக்கம் மட்டுமே கேட்கவேண்டியிருப்பதை மரியாதை என்று எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

அன்றே அம்மாவை அழைத்தேன். “சம்பா நடவு நேரம்டி. ஐயா விடுவாரான்னு கேக்கணும்.”

“கேக்காதம்மா. வரலன்னு சொல்லு.”

“ஜப்பான்ல ஒக்காந்துக்கிட்டு நீ சொல்லிருவ. அவரு மொகத்துல முழிக்கிறது நான்தான?”

ஆனாலும் நிலக்காரரிடம் சொல்லிவிட்டாள்: “பத்து நாளு வரமாட்டேங்க.”

நான் மேலாளர் திருத்திய வாக்கியத்தையே எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனேன். அம்மாவுக்குப் பார்வை தெளிந்தது. இங்கே பணிந்து கேட்டேன். என் வேலை அப்படியே இருக்கிறது. அங்கே அவளை நிமிர்ந்து சொல்லச் சொன்னேன். நிலக்காரர் அதன்பின் அவளைக் கூப்பிடவில்லை. இந்த ஆண்டு குறுவைக்கு அம்மா ஆற்றைக் கடந்துபோய் அடுத்த ஊர் வயலில் நட்டாள்.